குலசிங்கம் அங்கிளின் பிறஷருக்குத் தொண்ணூறு டொலர்

அன்ரனெற்றின் முதலாவது கிளினிக்கிற்கு வாடகை கிடையாது. அது அவளுடைய சாம்பல் நிறக் காரின் முன்மூடி. ஞாயிறு காலைப் பூசை முடிந்து, கனடாவின் ஸ்காபரோவில் ஒரு தேவாலயத்தின் கார்த் தரிப்பிடத்தில் அவள் கதவைத் திறக்க முன்னரே வரிசை தொடங்கிவிடும். மாத்திரைப் போத்தல்கள், இரத்தப் பரிசோதனைத் தாள்கள், வீங்கிய கால்கள், "ஒண்டுமில்லைப் பிள்ளை, சும்மா ஒருக்கா பார்" என்ற முன்னுரையோடு நீளும் கைகள். பதினொரு பேர், சில வாரங்களில் பதினான்கு பேர். தை மாதக் குளிரிலும் தொகை குறைந்ததில்லை. நோயாளிகள் காரின் இயந்திரச் சூட்டில் கைகளை வைத்துக்கொண்டு முறைக்காகக் காத்திருந்தார்கள்.

வரிசையின் மூத்த உறுப்பினர் குலசிங்கம் அங்கிள். எழுபத்து நான்கு வயது, ஓய்வுபெற்ற தொழிற்சாலை மேற்பார்வையாளர், அசைக்க முடியாத சைவர். ஆயினும் ஞாயிறு பத்தரைக்குத் தேவாலயத்து வாசலுக்கு அவர் ஒருநாளும் பிந்தியதில்லை. பூசைக்கு அல்ல, பிறஷருக்கு. நெற்றியில் விபூதியோடு வந்து, சட்டைக் கையை முழங்கைக்கு மேல் சுருட்டிக் காரின் மூடியில் வைப்பார். அதற்கு மேல் சட்டையை அசைக்க விடமாட்டார். "கோயிலடி, பிள்ளை. ஆர் கோயிலெண்டாலும் மரியாதை இருக்கு."

அன்ரனெற்றுக்கு நாற்பத்தைந்து வயது. ஸ்காபரோவின் வெக்ஸ்போர்ட்டில் வீடு, ஒஷாவாவில் ஓர் ஆஸ்பத்திரியில் வேலை. பதினொரு வருடம் நேர்ஸ். மேலே படித்து, பிறகு எட்டு வருடம் நேர்ஸ் பிறக்ரிஷனர். அதாவது நோயாளியைச் சோதிக்கலாம், நோய் இன்னதென்று சொல்லலாம், மருந்து எழுதலாம். இந்த நீண்ட பட்டத்தை வெக்ஸ்போர்ட் தமிழர்கள் ஆற அமர ஆராய்ந்து 'அரை டொக்டர்' என்று சுருக்கி வைத்திருந்தார்கள். முழு டொக்டரைப் பார்க்க மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருந்தபடியால் அரை டொக்டரின் மதிப்பு ஒன்றரையாக இருந்தது.

தனியாகக் கிளினிக் திறக்கும் யோசனை அவளுடையதல்ல. கணவர் பஸ்ரியன் நகர பஸ் ஓட்டுபவர். நிற்கும் ஆட்களை எண்ணுவது அவருக்குத் தொழில் பழக்கம்.

"இஞ்ச பாரும்," என்றார் ஒரு ஞாயிறு, காருக்குள் இருந்தபடியே. "அரை மணித்தியாலத்தில பதினாலு பேர். ஒரு நாளைக்கு ஏழு மணித்தியாலம் திறந்தா எத்தினை பேர்? தலைக்குத் தொண்ணூறு டொலர். நான் பஸ்ஸை விட்டுட்டு உம்மட றிசெப்ஷனில வந்து இருக்கலாம்."

"உங்களையோ? வாற சனத்தை 'பின்னால போங்கோ, பின்னால போங்கோ' எண்டு தள்ளி வெளியால விட்டிருவியள்."

சிரித்தாளே தவிர, அந்தக் கணக்கு அவளை விடவில்லை. கணக்கில் ஒரேயொரு பிழை இருந்தது. அதைக் கண்டுபிடிக்க அவர்களுக்கு ஒரு லட்சத்துப் பதினெட்டாயிரம் டொலர் செலவானது.

2024 பங்குனிக் கடைசியில் ஒஷாவா ஆஸ்பத்திரி அவளுக்கு ஆறு மாதம் சம்பளமில்லாத லீவு கொடுத்தது. செப்ரெம்பர் கடைசி வெள்ளிக்கிழமை, மாலை நான்கு மணிக்குள், திரும்பி வருகிறாளா விலகுகிறாளா என்று எழுதிவிட வேண்டும். எழுதாவிட்டால் இடம் இன்னொருவருக்கு. அந்த இடத்தோடு பத்தொன்பது வருடச் சேவை மூப்பும், வளர்ந்துகொண்டிருந்த பென்சனும், முழுக் குடும்பத்தின் பல்லுக்கும் காசு கட்டும் காப்புறுதியும் போய்விடும். அன்ரனெற் இரண்டு கடிதங்களையும் முன்கூட்டியே எழுதிக் கணினியில் வைத்துக்கொண்டாள். நேர்ஸ்மார் அப்படித்தான், எந்த முடிவுக்கும் ஒரு படிவம் தயாராக வைத்திருப்பார்கள்.

முதலாவது அதிர்ச்சியைக் கொண்டுவந்தவர் ஸ்ரீநிவாசன். சென்னைக்காரர், பக்கத்துக் கடைத்தொகுதியான பிளாசாவில் காலி இடங்களைக் காட்டும் முகவர். கொத்துரொட்டிக் கடைக்கும் வரிப் படிவம் நிரப்பும் அலுவலகத்துக்கும் இடையில் ஒரு நீள அறையைத் திறந்து காட்டினார்.

"ரென்ட் மூவாயிரத்து இருநூறுதான் மேடம். அதுக்கு மேல டி.எம்.ஐ. ஆயிரத்து அறுநூறு."

"அதென்னது?"

"பிளாசாவோட டாக்ஸ், மெயின்டெனன்ஸ், இன்ஷூரன்ஸ். பார்க்கிங்ல பனி தள்றது எல்லாம் அதுல வந்துடும்."

"நான் ஒருத்தி இருக்கிறதுக்கு, இந்தப் பெரிய பார்க்கிங் பனியை நான் ஏன் தள்ளவேணும்?"

"முழுப் பனி இல்ல மேடம்," என்றார் ஸ்ரீநிவாசன் ஆறுதலாக. "உங்க பங்குப் பனி மட்டும்தான்."

ஐந்து வருட ஒப்பந்தம். வீட்டைக் காட்டிச் சொந்த உத்தரவாதம். கையெழுத்து வைத்துவிட்டு வீட்டுக்கு வந்த அன்ரனெற், வாழ்க்கையில் முதற்தடவையாகத் தன் பிறஷரைத் தானே பார்த்தாள். நூற்றிருபதில் இருந்த பெண், நூற்று முப்பத்து நான்கு.

இரண்டாவது அதிர்ச்சி குடும்பத்துக்குள்ளிருந்து வந்தது. பஸ்ரியனின் சித்தப்பா மகன் கிருபன் கட்டட வேலைகள் எடுத்துச் செய்பவன். அண்ணிக்காகக் குடும்ப விலை போட்டான். வெளியாரின் விலை என்றால் பேரம் பேசலாம். குடும்ப விலையைப் பேரம் பேசினால் குடும்பம் போய்விடும். நோயாளியைப் பார்க்கும் அறைக்குள் கை கழுவத் தொட்டி ஒன்று வேண்டுமென்றாள். தொட்டியின் விலை நூற்றெழுபது டொலர். பூட்டுவதற்கு ஏழாயிரம்.

"ஏழாயிரமோ? உது என்ன கிருபன், குளமோ வெட்டப்போறாய்?"

"அண்ணி, தொட்டி ஒரு பிரச்சினையில்லை. தண்ணி வாறதும் பிரச்சினையில்லை. போறதுதான் பிரச்சினை. கொங்கிறீற்றை உடைக்கவேணும்."

பெயர்ப்பலகையும் அவன் பொறுப்பு. பிளாசாவின் விதிப்படி, உள்ளே விளக்கு எரியும் தனித்தனி எழுத்துகள்தான் போடலாம். எழுத்துக்கு இருநூறு டொலர். கிருபன் விரல் விட்டு எண்ணினான். "நேர்ஸ் பிறக்ரிஷனருக்கு இங்கிலிஷில பதினேழு எழுத்து. டொக்டருக்கு ஆறுதான். இன்னும் கொஞ்சம் படிச்சிருந்தியள் எண்டா பதினொரு எழுத்துக் காசு மிச்சம் அண்ணி."

"தமிழில போட்டா?"

"எழுத்துக்கு மேல இருக்கிற புள்ளிக் குத்துக்கெல்லாம் தனிக் காசு. ஒவ்வொரு குத்தும் ஒரு லைற்."

பிறகு அதிர்ச்சிகள் வரிசை கட்டி வந்தன, ஞாயிற்றுக்கிழமை நோயாளிகளைப் போல. நோயாளிகளின் விபரம் பதியும் மென்பொருளுக்கு மாதச் சந்தா. பாவித்த ஊசிகளை வாங்கிக்கொண்டு போவதற்கு ஒரு கொம்பனி, குப்பையையும் கொடுத்துக் காசையும் கொடுக்கும் ஏற்பாடு. நெஞ்சில் வயர் ஒட்டி இதயத் துடிப்பைக் கடதாசியில் கீறும் ஈ.சி.ஜி. பெட்டி மூவாயிரத்து எண்ணூறு. கொம்பனி பதிய ஒரு சட்டத்தரணி. அவர் கேட்ட தொகையைக் கேட்டபோது அந்தப் பெட்டியைத் தன் நெஞ்சிலேயே ஒட்டிப் பார்க்கலாமா என்று அன்ரனெற் யோசித்தாள். வீட்டின் மேல் எடுத்த கடனை இவையெல்லாம் வாய் திறந்து விழுங்கிக்கொண்டன. பிறஷர் நூற்று நாற்பத்திரண்டு.

திறப்பு விழா யூன் முதலாந் திகதி. பாதர் வந்து செபித்துத் தீர்த்தம் தெளித்தார். பேபி அன்ரி நூற்றைம்பது மட்டன் றோல்ஸ் கொண்டுவந்தாள். மண்டபங்களில் நடக்கும் சாமத்தியவீடு, கலியாணம், அறுபதாம் கலியாணம் அனைத்துக்கும் றோல்ஸ் போடுபவள் அவள்தான். யார் எந்த விழாவில் எவ்வளவு என்வலப்பில் வைத்தார்கள் என்பதைக் கொப்பியில் எழுதி வைத்து, அதே தொகைக்குக் குறையாமல் திருப்பிச் செய்வதில் ஸ்காபரோவில் அவளை மிஞ்ச ஆளில்லை. அன்றும் என்வலப்புகள் குவிந்தன. ஐம்பத்தொன்று, நூற்றொன்று. குலசிங்கம் அங்கிள் இருநூற்றொன்று வைத்தார், மேடையேறி வாழ்த்தினார், இறங்கிப் பிறஷரும் பார்த்துக்கொண்டார்.

"பாத்தீரோ," என்றார் பஸ்ரியன், "சனம் எவ்வளவு தாராளம்."

திங்கட்கிழமை காலை முதலாவது நோயாளியாக வந்தவரும் குலசிங்கம் அங்கிள்தான். இலவச வைத்தியத்துக்கு மாகாண அரசு கொடுத்த சுகாதார அட்டையை றிசெப்ஷன் மேசையில் வைத்தார். றிசெப்ஷனில் நிலாணி, கனடாவில் பிறந்த, படித்துக்கொண்டே பகுதிநேர வேலை செய்யும் பிள்ளை.

"அங்கிள், வீ டோன்ட் டேக் தட். நைன்ரி டொலர்ஸ்."

"என்னத்துக்கு?"

"அன்ரி உங்களைப் பாக்கிறதுக்கு."

"பாக்கிறதுக்கோ?" அங்கிள் இரண்டடி பின்வாங்கினார். "அவள் என்னை எட்டு வருசமா பாக்கிறாள். இண்டைக்கு என்ன புதுசா முளைச்சது என்ர முகத்தில?"

சத்தம் கேட்டு அன்ரனெற் வெளியே வந்தாள். முழு டொக்டருக்கு மாகாண அரசு காசு கட்டுகிறது, தனியாகத் திறந்த நேர்ஸ் பிறக்ரிஷனருக்கு இப்போதைக்குக் கட்டாது, அதனால் நோயாளிதான் கட்டவேண்டும் என்று விளங்கப்படுத்தினாள். அவர் மரியாதையாகக் கடைசிவரை கேட்டார்.

"அப்ப அரசாங்கமே உனக்குத் தராத காசை நான் தரவேணும் எண்டு சொல்லுறாய்."

"அங்கிள், போன சனிக்கிழமை இருநூற்றொரு டொலர் தந்தியளே."

"அது நான் தந்தது, பிள்ளை. இது நீ கேக்கிறது."

அட்டையை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டு நடந்தார். அந்த இரண்டு வசனங்களில் வெக்ஸ்போர்ட்டின் முழுப் பொருளாதாரமும் அடங்கியிருந்தது என்பது அன்ரனெற்றுக்கு அப்போது விளங்கவில்லை. அடுத்த ஞாயிறு அவர் வழமைபோல் பத்தரைக்குக் காரடியில் நின்றார். அவருக்குப் பின்னால் பதினேழு பேர். கிளினிக் திறந்ததால் அவளுடைய பேர் பரவியிருந்தது. கூட்டம் காருக்கு வந்தது.

ஆவணி வரை கிளினிக்கிற்கு ஒரு நாளைக்கு மூன்று பேர் வந்தார்கள். அதில் ஒருவர் கொத்துரொட்டிக் கடைக்கு வழி கேட்டு வந்தவர். செலவு மட்டும் மட்டுமட்டாகத் தீர மாதம் நூற்றுப் பத்துப் பேர் வேண்டும். ஒரு ஞாயிறு அன்ரனெற் காரடியில் நின்று பொதுவாக அறிவித்தாள்: "இனிமேல் இஞ்ச பாக்கமாட்டன். நாளைக்குக் கிளினிக்குக்கு வாங்கோ." பதினேழு கைகளும் ஒரே நேரத்தில் சட்டைக் கையை இறக்கிவிட்டன. 'காசுக்காரி' என்ற பட்டம் நேர்ஸ் பிறக்ரிஷனரைவிடச் சுருக்கமானது. அதற்குப் பலகையும் தேவைப்படவில்லை. பிறஷர் நூற்று நாற்பத்தெட்டு.

செப்ரெம்பர் நடுவில் பேபி அன்ரி நொண்டிக்கொண்டு வந்தாள். காலில் புண், உடம்பில் நீரிழிவு. இரண்டு மாதமாகச் சொக்ஸுக்குள் மறைத்து வைத்திருந்தாள். அன்ரனெற் ஒரு மணித்தியாலம் மினக்கெட்டுக் கழுவி, மருந்து எழுதி, பாதம் பார்க்கும் நிபுணரிடம் அவசரமாக இடமும் எடுத்துக் கொடுத்தாள். மேசையில் தொண்ணூறு என்றதும் அன்ரியின் முகம் சுருங்கியது. "பேந்து கதைக்கிறன்" என்று போய்விட்டாள். மறுநாள் காலை கதவுக்குக் கீழால் ஓர் என்வலப் வந்து கிடந்தது. தங்க எழுத்தில் 'மனமார்ந்த வாழ்த்துகள்'. உள்ளே நூற்றொரு டொலர்.

அன்ரனெற்றின் தொழில் விதிப்படி நோயாளியிடம் அன்பளிப்பு வாங்கக் கூடாது. திறப்பு விழாவில் வந்தவர்கள் விருந்தாளிகள், அது வேறு. ஆகவே அவள் நேர்மையான ஒரு காரியம் செய்தாள். தொண்ணூறுக்குப் பற்றுச்சீட்டு எழுதி, மிச்சம் பதினொரு டொலரையும் அதோடு வைத்து நிலாணியிடம் கொடுத்தனுப்பினாள்.

அரை மணித்தியாலத்தில் பேபி அன்ரி திரும்பி வந்தாள். நொண்டல் இருந்த இடம் தெரியவில்லை.

"அடியே அன்ரனெற்! முப்பது வருசமா நான் குடுத்த என்வலப்பை ஒருத்தரும் உடைச்சு மிச்சம் தந்ததில்லை! என்ன, என்ர காசு பாவம் பிடிச்சதோ?"

"இல்லை அன்ரி. நீங்கள் தந்தது அன்பளிப்பு எண்டா நான் முழுக்கத் திருப்பித் தரவேணும். ஃபீஸ் எண்டா பதினொரு டொலர் மிச்சம். எதெண்டு சொல்லுங்கோ."

பேபி அன்ரி கதிரையில் இருந்துவிட்டாள். கொடுத்ததைத் திரும்ப வாங்குவது அவமானம். கேட்ட காசைக் கட்டுவது அதைவிட அவமானம். முப்பது வருட அனுபவத்தில் இப்படி ஒரு சிக்கல் கொப்பியில் ஏறியதில்லை. சுவரைப் பார்த்தாள். தன் காலைப் பார்த்தாள். பிறகு கைப்பையைத் திறந்து எழுபத்தொன்பது டொலரை எண்ணி, பதினொன்றின் மேல் வைத்தாள்.

"சரி, எனக்கு ஃபீஸ். இது தொண்ணூறு, இது குலசிங்கத்துக்கு. வாற சனி அந்தாளுக்கு எழுபத்தைஞ்சாவது பிறந்தநாள். வடிவா ஒரு காட் அடிச்சுத் தா."

"லைக் எ கிஃப்ட் காட்?" என்றாள் நிலாணி.

"என்னவோ. பேபி குடும்பம் எண்டு பெரிசாப் போடு. விலையையும் போடு."

பிறந்தநாள் மண்டபத்தில் அறிவிப்பாளர் அதை ஒலிபெருக்கியில் வாசித்தார்: "பேபி குடும்பத்தினரின் அன்பளிப்பு, அன்ரனெற் கிளினிக்கில் ஒருமுறை வைத்தியம், பெறுமதி தொண்ணூறு டொலர்!" கேக் வெட்டிய கத்தி அப்படியே நின்றது. நானூறு பேர் அதிர்ந்தார்கள். நோயைப் பரிசளிப்பதா என்று சிலர். இது ஏன் எங்களுக்குத் தோன்றவில்லை என்று பலர். திங்கட்கிழமை நிலாணியின் தொலைபேசி ஓயவில்லை. தனக்கென்று ஒருவரும் கேட்கவில்லை. மாமிக்கு ஒன்று, சம்பந்திக்கு இரண்டு. புதன்கிழமைக்குள் ஒன்பது அட்டைகள் போயின. ஒன்பது அட்டைகளின் காசு ஒரு மாத டி.எம்.ஐ.க்கே, அவளுடைய பங்குப் பனிக்கே, போதாது. ஆறு மாதமாகத் திறக்காமல் வைத்திருந்த கடிதம் இரண்டையும் அன்ரனெற் திறந்து, 'திரும்பி வருகிறேன்' என்பதில் திகதி போட்டாள்.

கெடு நாளான அந்த வெள்ளிக்கிழமை பிற்பகல் இரண்டே காலுக்குக் குலசிங்கம் அங்கிள் அட்டையோடு வந்தார்.

"பேபி நாளுக்கு ரெண்டு தரம் ஃபோன். 'போனியளோ, போனியளோ' எண்டு உயிரை எடுக்கிறாள். பிள்ளை, எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. ஆனா தொண்ணூறு டொலர் ஆரோ கட்டின காசு, வீணாக்கேலாது. அதுக்குள்ள என்னென்ன இருக்கோ எல்லாத்தையும் செய்."

"சட்டையைக் கழட்டவேணும் அங்கிள்."

"கழட்டிறன். தொண்ணூறு டொலரெல்லே."

கட்டிலில் படுத்தார். அன்ரனெற் நெஞ்சில் வயர்களை ஒட்டி, மூவாயிரத்து எண்ணூறு டொலர் பெட்டியின் பொத்தானை அமத்தினாள். கடதாசி வந்தது. அவள் அதைப் பார்த்தாள். வயர்களைச் சரிபார்த்து இன்னொருமுறை எடுத்தாள். துடிப்புகள் ஒன்றுக்கொன்று ஒழுங்கில்லாமல், விரும்பிய நேரத்தில் விரும்பியபடி விழுந்திருந்தன.

"அங்கிள், படிகளில ஏறேக்க நெஞ்சு படபடக்கிறதோ?"

"ஆருக்குத்தான் படபடக்காது?"

இதயத்தின் மேலறை ஒழுங்காக அடிக்கவில்லை, இரத்தம் அங்கே கட்டிப்பட்டு மூளைக்குப் போனால் பாரிசவாதம் வரும், இன்றைக்கே இரத்தம் உறையாமலிருக்க மருந்து தொடங்கவேண்டும், இதய நிபுணரும் பார்க்கவேண்டும் என்று மெல்லச் சொன்னாள். அங்கிள் எழும்பி உட்கார்ந்தார். விபூதிக்குக் கீழே முகம் வெளுத்திருந்தது.

"அப்ப ஞாயிறு ஞாயிறா நீ பாத்தது?"

"ஞாயிறு ஞாயிறா நான் பாத்தது உங்கட சட்டைக் கையை அங்கிள்."

சொல்லிவிட்டு அவளே அதிர்ந்துபோனாள். வாடகைக்கும் தொட்டிக்கும் பதினேழு எழுத்துக்கும் வராத அதிர்ச்சி அது. எட்டு வருடம், காரின் மூடியில், பதினான்கு கைகள். ஒவ்வொருவருக்கும் "நல்லாயிருக்கிறியள்" என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பியிருக்கிறாள். அவர்களும் நம்பி, வேறெங்கும் போகாமல், அடுத்த ஞாயிறு வந்திருக்கிறார்கள்.

அங்கிள் பொத்தான் பூட்டிக்கொண்டிருக்கையில் அவள் மருந்தை எழுதினாள், நிபுணருக்குக் கடிதம் அனுப்பினாள். மற்றப் பதினேழு பேரும் இன்னும் இந்தக் கட்டிலில் படுக்கவில்லை. மணி மூன்று ஐம்பது. திகதி போட்டு வைத்த கடிதத்தை மூடிவிட்டு மற்றதைத் திறந்தாள். மூன்று ஐம்பத்திரண்டுக்கு 'விலகுகிறேன்' ஒஷாவாவுக்குப் போய்ச் சேர்ந்தது. பத்தொன்பது வருடம் போக எடுத்தது ஒரு விநாடி. அதே விநாடியில் ஸ்ரீநிவாசனின் மின்னஞ்சல் வந்தது: வணக்கம் மேடம், இந்தக் குளிர்காலத்துக்குப் பனி தள்ளும் கட்டணம் கூடுகிறது, உங்கள் பங்கு கீழே. கீழே பார்த்தாள். பிறஷர் பட்டியை எடுத்துக் கையில் சுற்றப் போனவள், வேண்டாமென்று வைத்துவிட்டாள்.

வெளியே, காத்திருந்த இரண்டு பேருக்கு முன்னால், குலசிங்கம் அங்கிளின் குரல் கேட்டது.

"திரும்பி எப்ப வரவேணுமாம்?"

"ரூ வீக்ஸ், அங்கிள். நைன்ரி டொலர்ஸ்."

அன்ரனெற் கதவிடுக்கால் எட்டிப் பார்த்தாள். அவர் மேசையில் அடுக்கியிருந்த அன்பளிப்பு அட்டைகளை உற்றுப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"முதல்ல பேபிக்கு ஒரு காட் எழுது. குலசிங்கம் குடும்பம் எண்டு. அவளின்ர கொப்பியில கடன்காரனாக் கிடக்க எனக்கு ஏலாது. அவள் எனக்குத் திருப்பிச் செய்வாள், அதில நான் வருவன்."

பையிலிருந்து என்வலப் ஒன்றை எடுத்து நீட்டினார். நிலாணி பிரித்து எண்ணினாள். நூற்றொன்று. போனமுறை நடந்தது அவளுக்கு மறக்கவில்லை. மெதுவாகப் பதினொரு டொலரை எடுத்து மேசையின் விளிம்பில் வைத்துவிட்டுக் கையை இழுத்துக்கொண்டாள். காத்திருந்த இருவரும் எட்டிப் பார்த்தார்கள்.

குலசிங்கம் அங்கிள் அந்தப் பதினொரு டொலரைக் கையில் எடுத்தார். ஒன்று, இரண்டு என்று எல்லோருக்கும் முன்னால் எண்ணினார். சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, பற்றுச்சீட்டும் கேட்டார்.